மோதிர விரலும் ஏ பொத்தானும்

என் இடது கை மோதிர விரல் செத்துக்கொண்டிருக்கிறது என்றே நான் நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை. நரம்பு மருத்துவர் முன்னால் உட்கார்ந்து அந்த விரலை நீட்டினேன். அவர் அதை மடக்கிப் பார்த்தார், ஊசியால் தொட்டுப் பார்த்தார், கை முழுக்கச் சுரீர் சுரீரென்று மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார். கடைசியில் விரலில் ஒரு குறையும் இல்லை என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குறை இல்லாத விரலா என்னை இந்தப் பாடு படுத்துகிறது? வெளியே என் கணவர் ரமணன் குடிக்கச் சூடான மைலோ வாங்கி வைத்துக்கொண்டு கவலை முகத்தோடு காத்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் எரிச்சல் போய் அழுகை வந்துவிட்டது.

நான் துப்பாக்கி கேம் ஆடுகிறவள். பொழுதுபோக்காக அல்ல, டீமில், போட்டிகளில். பகலில் கப்பல் சரக்கு நிறுவனத்தில் வேலை, மாலையில் செங்காங் வீட்டில் கீபோர்டு, சனிக்கிழமைகளில் ஜாலான் புசாரில் ஓர் இரும்புச் சாமான் கடையின் மாடியில் பயிற்சி. கடை எங்கள் கேப்டன் முனீராவின் அப்பாவுடையது. கீழே ஆணியும் குழாயும் விற்பார்கள், மேலே நாங்கள் ஐந்து பெண்கள் உட்கார்ந்து சுட்டுக்கொண்டிருப்போம். திருச்சியில் என் அம்மாவிடம் கேட்டால், மகள் கம்ப்யூட்டரில் ஏதோ போட்டிக்குப் போகிறாள் என்பாள். அவ்வளவுக்கு மேல் அவளுக்கு விளங்க வைக்க எனக்குப் பொறுமை இல்லை.

எங்கள் வீட்டில் ஓர் ஏற்பாடு உண்டு. ஆடுவது நான், எனக்காகக் கீபோர்டையும் மவுஸையும் அமைத்துத் தருவது ரமணன். அவர் ஆடினால் முதல் நிமிடத்திலேயே செத்துப்போவார், அதை அவரே சொல்லிச் சிரிப்பார். ஆனால் எந்தப் பொத்தான் எந்த விரலுக்கு வரவேண்டும் என்பதில் மனுஷர் கில்லாடி. குனிவதைக் கட்டைவிரலுக்குக் கொண்டுவந்தார். குண்டு எறிவதை மவுஸின் பக்கவாட்டுப் பொத்தானில் வைத்தார். என் சுண்டுவிரல் வலிக்கிறது என்றதும் அதற்கு வேலையே இல்லாமல் செய்துவிட்டார். மவுஸை இழுத்தால் திரை எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதை, நான் தலையாட்டும்வரை கூட்டியும் குறைத்தும் பார்ப்பார். திரும்பும்போது வழுக்குகிறது, குதிக்கும்போது தடுக்குகிறது என்று நான் கையால் உணர்ந்ததைச் சொல்வேன். மறுநாள் சரியாகியிருக்கும். அந்த செட்டிங்ஸ் பக்கத்தை நான் ஒருமுறைகூடத் திறந்ததில்லை. எண்களைப் பார்த்தால் மனசு எண்களை நம்ப ஆரம்பித்துவிடும், நீ கையை மட்டும் நம்பு என்பார் அவர். எவ்வளவு நல்ல வாக்கு! டீமில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

எங்கள் ஆட்டத்தில் ஏ பொத்தான்தான் உயிர். டி வலப்பக்கம் நகர, ஏ இடப்பக்கம் நகர. சுவருக்குப் பின்னால் ஒளிந்திருப்போம். டி-யை அழுத்தி வலப்பக்கம் எட்டிப்பார்த்து, சுட்டு, உடனே ஏ-யை அழுத்தி மறுபடி சுவருக்குப் பின்னால் வந்துவிட வேண்டும். வரத் தாமதித்தால் எதிராளி தலையிலேயே போடுவான். அந்த ஏ-யை அழுத்துவது இடது கை மோதிர விரல். என் கீபோர்டு காந்தத்தில் இயங்குவது; ஒவ்வொரு பொத்தானும் எவ்வளவு ஆழம் அழுத்தினால் விழித்துக்கொள்ள வேண்டும் என்று தனித்தனியாகச் சொல்லி வைக்கலாம். சொன்னதைக் கீபோர்டே தனக்குள் வைத்துக்கொள்ளும், எங்கே கொண்டுபோய்ச் செருகினாலும் மறக்காது. என்னுடையதில் எல்லாப் பொத்தானும் தொட்டால் போதும் என்கிற அளவுக்கு ரமணன் வைத்திருந்தார். நான் அழுத்தவே மாட்டேன், தடவுவேன்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, கோலாலம்பூர் அழைப்பு வரும்வரை. புதிதாக ஒரு பெண்கள் லீக். தேர்வான டீம் அரை வருடம் அங்கேயே தங்கி ஆடவேண்டும். முனீரா எங்களைச் சேர்த்துவிட்டாள். என் ஆபீசில் சம்பளமில்லா விடுப்புக்கும் தலையாட்டிவிட்டார்கள். ரமணனிடம் சொல்லத்தான் எனக்குத் தயக்கம். அவரோ துள்ளிக் குதித்தார். பூன் லேயில் நண்பர் வீட்டு விருந்தில், என் மனைவி கோலாலம்பூருக்கு ஆடப் போகிறாள் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அங்கிருந்த பெண்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! உனக்குக் கொடுத்து வைத்திருக்கிறது என்று ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அதற்குப் பிறகுதான் விரல் மக்கர் பண்ண ஆரம்பித்தது. முதலில் எப்போதாவது ஒருமுறை. எட்டிப்பார்ப்பேன், சுடுவேன், திரும்பி வர ஏ-யைத் தொடுவேன், என் ஆள் வராமல் அங்கேயே நிற்பாள். குண்டடி பட்டுத் திரை சிவந்துவிடும். போகப்போக அது அடிக்கடி நடந்தது. சாட்டில் நான் தட்டுகிற வார்த்தைகளிலும் அந்த எழுத்து விழாமல் போனது. முனீரா முதலில் கிண்டல் செய்தாள், பிறகு கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

பொத்தானில் கோளாறோ என்று ரமணனிடம் கேட்காமல் இல்லை. கேட்ட அன்றே மேசையில் துணி விரித்து, ஏ பொத்தானைக் கழற்றி, சின்னத் தூரிகையால் தூசி தட்டி, ஊதி, மாட்டினார். பிறகு செட்டிங்ஸைத் திறந்து நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். ஒருமுறை அல்ல, நான் புலம்பிய ஒவ்வொரு வாரமும் திறந்து பார்த்து அதையேதான் சொன்னார். ஆபீஸ் கீபோர்டில் தட்டச்சு செய்யும்போது விரல் ஒழுங்காகத்தானே இருக்கிறது என்றேன். அங்கே அவசரம் இல்லை, இங்கே பதற்றம், பதற்றத்தில் நரம்பு காட்டிக்கொடுக்கும் என்றார். எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அப்பாவுக்குக் கை நடுக்கம் ஒரு விரலில்தான் ஆரம்பித்தது. கடைசியில் டீ டம்ளரைப் பிடிக்க முடியாமல் போனது.

கல்யாண மோதிரத்தைக் கழற்றியது அந்தப் பயத்தில்தான். அது அதே விரலில் இருந்தது. அந்தக் கனம்தான் விரலை மெதுவாக்குகிறதோ என்று ஒரு நப்பாசை. ரமணன் மனசு கஷ்டப்படுமே என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். மோதிரம் எங்கே போய்விடும், விரல்தான் முக்கியம் என்று சொல்லி அவரே சோப்பு போட்டுக் கழற்றி, சின்ன டப்பாவில் வைத்தார். நான் அவர் தோளில் சாய்ந்துகொண்டு மன்னிப்பு கேட்டேன். நான் கேட்டேன், அவரிடம்!

மோதிரம் போயும் விரல் தேறவில்லை. மருத்துவரைப் பார்த்ததும் அதற்குப் பிறகுதான். குறை இல்லை என்று அவர் சொன்னதை நான் நம்பவில்லை. இன்னும் அவர்களுக்கே பிடிபடாத ஏதோ ஒன்று என்று முடிவு செய்துகொண்டேன். வரும் வழியில் ரயிலில் ரமணன் என் கையை மடியில் வைத்துத் தேய்த்துவிட்டபடியே வந்தார். போகாவிட்டால் என்ன, உடம்பு முக்கியம் இல்லையா என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்றேன்.

மறு சனிக்கிழமை, விலகிக்கொள்கிறேன் என்று நேரில் சொல்ல ஜாலான் புசாருக்குப் போனேன். ஆடப் போகவில்லை என்பதால் கீபோர்டை எடுத்துக்கொள்ளவில்லை. எங்களைப் போன்றவர்கள் அடுத்தவர் கீபோர்டைத் தொடவே மாட்டோம், அது அடுத்தவர் செருப்பைப் போட்டுக்கொள்வது மாதிரி. ஆனால் அன்று ஆட மாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்ததால் எனக்குப் பதிலாக வரவேண்டிய இளமதி பஸ்ஸில் மாட்டிக்கொண்டாள். மலேசிய டீம் ஒன்று இணையத்தில் காத்துக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் முனீரா என்னை நாற்காலியில் தள்ளினாள்.

"இளமதி வர்ற வரைக்கும் உக்காரு லா. சும்மா நின்னாலும் போதும்."

அங்கே இருந்தது கடையில் பில் போடப் பயன்பட்ட பழைய கீபோர்டு. எழுத்துகள் பாதி அழிந்து, பிசுபிசுவென்று, அழுத்தினால் லொடலொடவென்று சத்தம். எப்படியும் சாகத்தானே போகிறோம் என்று உட்கார்ந்தேன். முதல் சுற்றில் சுவரோரம் நின்று எட்டிப்பார்த்தேன், சுட்டேன், ஏ-யைத் தொட்டேன். என் ஆள் சுவருக்குப் பின்னால் வந்துவிட்டாள்.

ஏதோ குருட்டு அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். மறுபடி எட்டிப்பார்த்தேன். மறுபடி வந்தாள். வலம், சுடு, இடம். வலம், சுடு, இடம். விரல் அது பாட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தது. எதிரணியில் மூன்று பேரும் எங்கள் பக்கம் நான் ஒருத்தியுமாக மிச்சமிருந்தபோது எங்கள் டீமின் பவித்ரா தன் நாற்காலியைவிட்டு எழுந்து என் பின்னால் வந்து நின்றாள். மூன்று பேரையும் முடித்தேன். எல்லோரும் கத்தினார்கள். முனீரா என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்து, இத்தனை நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தாய் என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் என் விரலைப் பார்த்தேன், அந்த அழுக்குக் கீபோர்டைப் பார்த்தேன். விரலுக்கு ஒன்றும் இல்லை. அப்படியென்றால்?

விலகுவதாகச் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. இளமதி வந்ததும் தலைவலி என்று கிளம்பிவிட்டேன். செங்காங் போய்ச் சேரும்வரை மனசு ஒரே வேண்டுதலில் இருந்தது. கீபோர்டு கெட்டுப்போயிருக்க வேண்டும், உள்ளே காந்தம் விட்டுப்போயிருக்க வேண்டும், எறும்பாவது புகுந்திருக்க வேண்டும். கெட்ட எண்ணம் ஒன்று எட்டிப்பார்க்கப் பார்க்க அதை நானே திட்டி விரட்டினேன். அவரைப் போய் நினைப்பாயா என்று.

வீட்டில் ரமணன் இல்லை. காய்கறி வாங்கத் தேக்கா சந்தைக்குப் போயிருந்தார். கீபோர்டைச் செருகி, முதல் தடவையாக அந்த செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தேன். திரையில் கீபோர்டின் படம். ஒவ்வொரு பொத்தானின் மேலும் அதன் ஆழம் ஒரு சின்ன எண்ணாக இருந்தது. டபிள்யூ, எஸ், டி, மற்ற எல்லாமே ஒரே எண், பூஜ்யத்தை ஒட்டினாற்போல. ஏ-யின் மேல் மட்டும் வேறு எண். பொத்தான் அடியில் முட்டும்வரை அழுத்தினால்தான் விழிக்கும் என்கிற எண். இருக்கிற பொத்தான்களில் அந்த ஒன்றுதான்.

எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். எண் மாறவில்லை. இத்தனை வாரம் நான் தொட்டுத் தொட்டுக் கெஞ்சியது, தொட்டால் திறக்கவே திறக்காத கதவு. ஆட்டத்தின் பயிற்சி மைதானத்தைத் திறந்து, என் ஆளைச் சுவரோரம் நிறுத்தி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

ரமணன் வந்தார். கையில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்த பை. அதற்குள் வந்துவிட்டாயே என்று கேட்டபடி சமையலறைப் பக்கம் திரும்பினார். இங்கே வந்து உட்காருங்கள் என்றேன். பையைக் காலடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"ஏ-யை அழுத்துங்க," என்றேன். "நான் தொடுற மாதிரி. மெதுவா."

அவர் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு மோதிர விரலை வைத்துத் தொட்டார். என் ஆள் நகரவில்லை. இன்னும் கொஞ்சம் என்றேன். நகரவில்லை. இன்னும் என்றேன். விரல் நுனி வெளுக்கும்படி அடிவரை அழுத்தியபோது அவள் நகர்ந்தாள்.

அந்த நொடியிலும் நான் அவருக்கு ஒரு வழி விட்டேன். அப்டேட் வந்து தானாக மாறியிருக்குமோ என்று நானே கேட்டேன். அவர் ஆமாம் என்று சொல்ல வேண்டுமே என்று தவித்துக்கொண்டுதான் கேட்டேன். அவரும் சட்டென்று பிடித்துக்கொண்டார். ஆமாம், அப்டேட் வந்தால் சில சமயம் இப்படித்தான் ஆகும், இப்போதே சரி பண்ணிவிடலாம் என்று மவுஸை நோக்கிக் கையைக் கொண்டுபோனார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் அது நிலைக்கவில்லை. அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு இதே பக்கத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது கண் முன்னால் வந்துவிட்டது.

"நான் சொன்னப்பல்லாம் நீங்க திறந்து பாத்தீங்களே. அப்ப இது கண்ணுல படலையா?"

அவர் கை மவுஸ் மேல் நின்றுவிட்டது. வெளியே எல்ஆர்டி ரயில் ஒன்று வளைவில் கிறீச்சிட்டுப் போனது. பிறகு, எனக்கு ஆறுதல் சொல்கிற குரலில், காய்ச்சல் வந்தால் என் தலைமாட்டில் உட்கார்ந்து பேசுவாரே அதே குரலில் சொன்னார்.

"ஒரேயடியா மாத்தல நிரு. கொஞ்சம் கொஞ்சமாத்தான் மாத்தினேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செய்தேன் என்று சொன்னதற்காக அல்ல. கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ததை அவர் ஒரு தயவாகச் சொன்னார். எனக்கு வலிக்கக் கூடாதாம். என் அப்பாவின் விரலை நினைத்துக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நான் அழுத நாளெல்லாம் மனசில் வந்து நின்றது. அன்றைக்குக் கதவைத் தட்டி, என்ன ஆச்சு என்று கேட்டவர் இவர்தான். அதற்கு முந்தைய நாளோ மறுநாளோ ஏ-யை இன்னொரு படி இறக்கிவிட்டவரும் இவர்தான்.

"ஊசி குத்துறப்போ வெளியில உக்காந்திருந்தீங்க," என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலிருந்தது. "மைலோ வாங்கி வச்சுக்கிட்டு."

அன்றைக்கே சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தாராம். என் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லையாம்.

"போகாதன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. சண்டை போட்டிருப்பேன். அவ்வளவுதானே?"

அவர் குனிந்து பையிலிருந்து சரிந்த முருங்கைக்காயை உள்ளே தள்ளினார். தலையை நிமிர்த்தாமலே பேசினார்.

"சொல்லியிருந்தா நான் யாரு? பொண்டாட்டிய அனுப்பாத ஆளு. எல்லார் முன்னாடியும் போகட்டும்னு சொன்னவன் வேற. நீயே வேணாம்னு விட்டுட்டா யாருக்கும் கெட்ட பேரு இல்லன்னு நெனச்சேன்."

அவருக்குக் கெட்ட பெயர் வரக் கூடாது, அதனால் என் விரலுக்கு வந்தது. பூன் லேயில் என் கையைப் பிடித்துக் கொடுத்து வைத்தவள் என்று சொன்ன அந்தப் பெண் இப்போது எதிரில் இருந்திருந்தால் எங்கேயாவது ஓடி ஒளிந்திருப்பேன். கோபம் வர வேண்டும் என்று காத்திருந்தேன். எனக்கு ஒன்றும் கோபத்துக்குப் பஞ்சம் கிடையாது, பஸ் தாமதமானாலே வரும். அன்று வரவில்லை.

அவர் எழுந்து படுக்கையறைக்குப் போனார். டிராயர் திறக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சின்ன டப்பாவோடு வந்தார். முகத்தில் பாரம் இறங்கியவரின் தெளிவு. எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து டப்பாவைத் திறந்து நீட்டினார்.

"விரல்ல ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சுபோச்சுல்ல. போட்டுக்கோ நிரு."

அன்றைக்கு நான் பட்ட அதிர்ச்சிகளில் இதுதான் பெரியது. அவர் நடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் உண்மையாகவே அப்படி நினைத்தார். ஏ பொத்தானைப் பழைய எண்ணுக்கு மாற்றிவிட்டால், மோதிரமும் பழைய இடத்துக்கு வந்துவிடும் என்று. நான் விரலைப் பார்த்தேன். மோதிரம் இருந்த இடத்தில் வெளுப்பாக இருந்த வளையம் ஏறக்குறைய மறைந்துவிட்டிருந்தது. மடக்கினேன், நீட்டினேன். சொன்ன பேச்சு கேட்டது.

"ஒண்ணும் இல்லதான்," என்றேன்.

டப்பாவை வாங்கவில்லை. கீபோர்டின் ஒயரை உருவி, சுற்றி, அதை அவர் பக்கம் தள்ளி வைத்தேன். அவர் ஒரு கையில் டப்பாவோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போனை எடுத்து முனீராவைக் கூப்பிட்டேன். தலைவலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். போய்விட்டது என்றேன். கோலாலம்பூருக்குக் கட்டாயம் வருகிறேன் என்றேன். அவள் சத்தம் போட்டுச் சிரித்து, சொந்தக் கீபோர்டோடுதானே வருகிறாய் என்றாள்.

"இல்ல," என்றேன். "உங்க கடையில இருக்கே, அந்தப் பழசு. அத எனக்குக் குடு."